நாத்தனார் முடிச்சு

ஐஸ் பெட்டியின் கண்ணாடி மறுபடியும் வியர்த்துவிட்டது. நிர்மலா முந்தானையைச் சுருட்டி, அண்ணனின் முகம் வருகிற இடத்தை மட்டும் வட்டமாகத் துடைத்தாள். காலையிலிருந்து அவளுக்கு இதுதான் வேலை. கரண்ட் வருவதும் போவதுமாக இருந்ததால் பெட்டி கொஞ்ச நேரம் குளிர்ந்தது, கொஞ்ச நேரம் புழுங்கியது. பச்சியப்பன் எதற்கும் கோபித்துக்கொள்ளாமல் படுத்திருந்தான். அந்த வீட்டில் அவன் இவ்வளவு நேரம் கோபித்துக்கொள்ளாமல் இருந்தது இதுதான் முதல் தடவை.

வாசலில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். தனியாகச் சிரித்த போட்டோ ஒன்றுகூட வீட்டில் அகப்படாததால், கல்யாணப் போட்டோவைப் பென்னாகரத்துக் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். கடைக்காரன் பெண்ணை வெட்டி எடுத்துவிட்டு, பின்னணியில் ஒரு அருவியையும் இரண்டு புறாக்களையும் தன் செலவில் சேர்த்திருந்தான். அவசரத்தில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டான். பச்சியப்பனின் வலது கையைப் பிடித்தபடி, முழங்கை வரை வளையல் அடுக்கிய ஒரு பெண்ணின் கை, அருவிக்குள்ளிருந்து நீண்டிருந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் முதலில் பிணத்தைப் பார்த்தார்கள், அப்புறம் அந்தக் கையைப் பார்த்தார்கள், அப்புறம் காபி குடிக்கப் போனார்கள்.

கைக்குச் சொந்தக்காரி வழியில் வந்துகொண்டிருந்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, ராகி அரைக்கப் போகிறேன் என்று பையோடு கிளம்பிய மணிமேகலை, மில்லைத் தாண்டிப் போய் பஸ் ஏறிவிட்டாள். பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு அறக்கட்டளை, அடிபட்ட பெண்கள் வந்து தங்குவதற்கென்று ஒரு வீடு வைத்திருந்தது. எங்கோ தூரத்து நிறுவனம் ஒன்று கொடுத்த நிதியில் நடந்த வீடு. சில கட்டில்கள், ஒரு போன், வாரத்துக்கொரு தடவை வந்துபோகிற வக்கீலம்மா, எந்த ஊரிலிருந்து கூப்பிட்டாலும் போய் ஏற்றி வர ஓர் ஆட்டோ. அறிக்கைகளில் அதற்கு மூச்சு வாங்குகிற நீளத்தில் ஒரு பெயர் இருந்தது. இந்த ஏரியூர்ப் பக்கம், நிதிக்கு ஆன பேரை வைத்து, ‘பண்டு வூடு’ என்றால் போதும். தங்கப் போன மணிமேகலை முதலில் அங்கே சமைக்க ஆரம்பித்தாள். இப்போது சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு அந்த வீட்டையே பார்த்துக்கொள்கிறாள். “ஊரான் பணத்துல ஒரு பண்டு வந்து எம் பொண்டாட்டிய ஓட்டிக்கிட்டுப் போயிருச்சு” என்று பச்சியப்பன் குடித்தபோதெல்லாம் சொல்லி அழுதான். பிள்ளைகள் இல்லாததால் அழுவதைக் கேட்க ஆளில்லை. அழுவதற்குக் குடித்தானா, குடித்ததால் அழுதானா என்று பிரித்தறிவதற்குள் கல்லீரல் முந்திக்கொண்டது.

பண்டு வீட்டின் நம்பர் நிர்மலாவின் போனில் ‘கேஸ் கம்பெனி’ என்ற பெயரில் இருந்தது. அண்ணி ஒரு தடவை ரகசியமாகக் கொடுத்தனுப்பிய நம்பர். எத்தனையோ தடவை அதை அழுத்தி, மணி அடிப்பதற்குள் நிறுத்தியிருக்கிறாள். இன்று விடிகாலையில்தான் முதல் தடவையாக மணி அடிக்கவிட்டாள். மணிமேகலையே எடுத்தாள். “அண்ணன் போயிட்டாருங்கண்ணி” என்றாள் நிர்மலா. “நீங்க வரணும்னு இல்ல. சொல்லோணும்னு தோணிச்சு.” அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, “மொத பஸ்ஸுக்கு வரேன்” என்றாள்.

அப்படிக் கூப்பிட்டது தப்போ என்று நிர்மலா இப்போது யோசித்துக்கொண்டிருந்தாள். ஏனென்றால் சற்று முன்பு தீர்த்தம்மாள் அக்கா சமையல்கட்டில் மஞ்சள் கிழங்கை நறுக்கிக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

தீர்த்தம்மாள், பெரியப்பா காளியப்பனின் மகள். புருஷனை இழந்து அப்பன் வீட்டோடு வந்துவிட்டவள். இரண்டு வருஷத்துக்கு முன் நிர்மலாவுக்குத் தருமபுரியில் பெரிய ஆபரேஷன் நடந்தபோது கூடவே இருந்து பார்த்துக்கொண்டவளும் அவள்தான். எதுக்குக்கா இது என்று கேட்டதற்கு, நிமிராமல் பதில் சொன்னாள். மணிமேகலையின் கழுத்தில் தாலி இல்லையாம். புருஷன் போகும்போது பொண்டாட்டி தாலி அறுக்காவிட்டால் போகிறவனுக்குக் குறையாம். அதனால் புதிதாக ஒன்று கட்டி, அதை அறுக்கப்போகிறார்களாம். அப்பா அப்படித்தான் முடிவு பண்ணியிருக்கிறார்.

“செத்தவரு எப்பிடிக்கா தாலி கட்டுவாரு?”

“கட்டுனவன் கை வராது. முடிச்சுப் போட்டவ கை இருக்குதில்ல. உன்னத்தான் சொல்றாரு அப்பா.”

காளியப்பன் பெரியப்பாவின் யோசனைகளில் ஓட்டை கண்டுபிடிப்பது கஷ்டம். கல்யாணத்தில் மாப்பிள்ளை ஒரு முடிச்சுதான் போடுவான். மற்ற இரண்டும் நாத்தனாருடையது. அன்று நிர்மலா பதினாறு வயதுப் பெண்ணாக, புதுப் பாவாடை தாவணியில், அண்ணியின் பின்கழுத்தில் அந்த இரண்டையும் நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டாள். இறுக்கிப் போடுடி, அண்ணி ஓடிறப்போறா என்று பெண்கள் சிரித்தார்கள். அவள் நிஜமாகவே இறுக்கிப் போட்டாள். அண்ணியின் கழுத்தில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது அவளுக்கு இன்னும் விரலில் ஞாபகம் இருக்கிறது.

அந்தத் தாலி எங்கே போனது என்பதும் ஊருக்குத் தெரியும். பச்சியப்பன்தான் ஒருநாள் கழுத்திலிருந்து பிடுங்கி, அடகுக்கடையில் வைத்து, அன்றைக்கே குடித்தும் முடித்தான். ஆக, இன்று அறுக்க வேண்டியதை அவன் உயிரோடு இருந்தபோதே தன் கையாலேயே அறுத்துவிட்டுத்தான் போயிருந்தான். ஆனால் சடங்கு என்று வந்துவிட்டால் செத்தவன் செய்த வேலை கணக்கில் வராது.

வெயில் ஏறிய பிறகு மணிமேகலை வந்தாள். சாதாரண நூல் சேலை, கையில் ஒரு மஞ்சப்பை. பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைக்கலாமா, வேண்டாமா என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். அதற்குள் அவள் பெட்டியருகே போய்விட்டாள். கண்ணாடி வியர்த்திருந்தது. தன் முந்தானையால் துடைத்துவிட்டு, ரொம்ப நேரம் பார்த்தாள். அழவில்லை. உதடு மட்டும், அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தவளைப் போல, ஒருமுறை அசைந்தது.

பிறகு நிர்மலாவைத் தேடிக்கொண்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் வந்தாள். சாப்பிட்டாயா என்றாள். நிர்மலா தலையாட்டினாள், அது ஆமாவா இல்லையா என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. மணிமேகலையின் கண் நிர்மலாவின் இடது கையில் நின்றது. காலையிலிருந்து கண்ணாடியைத் துடைப்பது, காபி கொடுப்பது எல்லாமே வலது கையில்தான் நடந்துகொண்டிருந்தன.

“வழுக்கிருச்சா?”

“ஆமாங்கண்ணி. பம்புசெட்டுல.”

“ம்.”

ஏரியூர் வட்டாரத்துப் பெண்கள் நிறைய வழுக்கி விழுவார்கள். பம்புசெட்டில் வழுக்குவார்கள், பாத்ரூமில் வழுக்குவார்கள், மழையே பெய்யாத சித்திரை மாதத்தில் களத்துமேட்டில் வழுக்குவார்கள். வழுக்கியே விழாத பெண் என்று யாராவது இருந்தால், அவள் புருஷனுக்கு ஓசூரிலோ பெங்களூரிலோ வேலையாக இருக்கும்.

நிர்மலாவின் புருஷன் ராஜப்பனுக்கு உள்ளூரிலேயே வேலை. கல்யாணமான புதிதில் அவன் அவளை முகத்தில் அடித்தான். சேதி கேட்ட பச்சியப்பன் டிவிஎஸ்ஸில் வந்து இறங்கி, நடுத்தெருவில் வைத்து ராஜப்பனின் சட்டையைப் பிடித்து நாலு சாத்து சாத்தினான். என் தங்கச்சி மேல இன்னொரு தடவ கை வெச்சா கை இருக்காது என்றான். தெருவே பார்த்தது. நிர்மலாவுக்கு அழுகையும் பெருமையும் சேர்ந்து வந்தன. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனவன், குழம்பு ஆறிக் கிடக்கிறது என்று மணிமேகலையை விறகுக் கட்டையால் அடித்தான். ஒரே நாளில் இரண்டையும் செய்ய அண்ணனால் எப்படி முடிந்தது என்று நிர்மலா பல வருஷம் யோசித்திருக்கிறாள். அவனையே கேட்டிருந்தால் அவனுக்குக் கேள்வியே விளங்கியிருக்காது.

அதற்குப் பிறகு ராஜப்பன் வெளியே தெரிகிற இடத்தில் அடித்ததில்லை. அண்ணன் போட்ட எல்லைக்கோடு அது. நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வந்ததிலிருந்து ராஜப்பனின் குரல் ஒரு சுற்றுப் பெருத்திருந்தது. பந்தல்காரனை அதட்டினான், காபி ஆறிவிட்டது என்று பெண்களை அதட்டினான். பிணத்தையும் ஒருமுறை, அதட்டலாமா என்பதுபோலப் பார்த்தான்.

மணிமேகலை தாழ்ந்த குரலில் வேறொரு சேதியும் சொன்னாள். பண்டு வருகிற மாசத்தோடு முடிகிறது. மறுபடி தருவதா வேண்டாமா என்று பார்க்க, நிதி கொடுக்கிறவர்களின் ஆள் இன்றைக்கு என்று பார்த்துப் பாப்பிரெட்டிப்பட்டிக்கு வருகிறார். அண்ணிதான் மாலை போட்டு வரவேற்று, தன் கதையைச் சொல்ல வேண்டியவள். அறக்கட்டளை மேலாளர் மாதவராஜ் இரண்டு வாரமாக அவளுக்குப் பேச்சுப் பழக்கிக்கொண்டிருந்தார். அழுகை வருகிற இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்க என்றுகூடச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

“வூடு நிக்கும் போலத்தான் இருக்குது” என்றாள் மணிமேகலை. “ஆனா ஏரியூர விட்ருவாங்களாட்டம் தெரியுது. மூணு வருசத்துல இந்தப் பக்கமிருந்து வந்தது நான் ஒருத்திதானாம். தேவையில்லாத ஊருக்கு எதுக்கு ஆட்டோ அனுப்பறதுன்னு கேக்கறாங்களாம்.”

மாடு வாலால் ஈ விரட்டியது. மஞ்சள் கயிற்றைப் பற்றி அண்ணியிடம் இப்போதே சொல்லி, பின்வழியாக அனுப்பிவிடலாமா என்று அவள் வாயெடுத்த நேரத்தில் வாசலில் கார் வந்து நின்றது.

நடந்தது இவ்வளவுதான். நிதி கொடுக்கிறவர்களின் ஆளாகப் பாப்பிரெட்டிப்பட்டியில் வந்து இறங்கிய பிரியதர்ஷினி மேடம், கதை சொல்ல வேண்டியவள் எங்கே என்று கேட்டிருக்கிறார். புருஷன் இறந்துவிட்டான், போயிருக்கிறாள் என்று மாதவராஜ் சொன்னதும், அப்படியானால் நாமும் போவதுதான் மரியாதை என்று மேடம் காரில் ஏறிவிட்டார். அவரைத் தடுக்கிற அளவுக்கு எந்த மேலாளருக்கும் அதிகாரம் இல்லை. மேடத்துக்கு முப்பது வயது இருக்கும். பென்னாகரத்தில் வாங்கிய சம்பங்கி மாலையைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டுக் கைகூப்பி நின்றார். சாவு வீட்டில் காபி குடிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வந்தது அரசாங்கத்து ஆள், ஏதோ நிவாரணம் தருவார் என்று ஊர் நினைத்தது. காளியப்பன் துண்டால் நாற்காலியைத் துடைத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார். மாதவராஜ் மெதுவாக விஷயத்தை விளக்கியபோது, பெரியப்பாவின் முகத்தில் நிவாரணம் போய் நீதி வந்தது.

“எங்க பக்கம் அந்தப் பிரச்சினையே இல்லீங்க மேடம்” என்றார். “குடும்பம்னா நாலு வார்த்த வரும், ஒரு கை நீளும். அதுக்கெல்லாம் பண்டு ஒதுக்குனா எந்த நாட்டுக்கும் கட்டுப்படியாகாதுங்க.”

மேடம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். எழுதிக்கொள்ளவில்லை. பிறகு காபி டம்ளரை வாங்க வந்த நிர்மலாவைப் பார்த்து, பாப்பிரெட்டிப்பட்டி வீட்டு நம்பர் இந்த ஊரில் யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். ராஜப்பன் பக்கத்தில்தான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“தெரியாதுங்க” என்றாள் நிர்மலா.

டம்ளரை எடுத்துக்கொண்டு போகும்போது, அவள் இடுப்பில் செருகியிருந்த போன் சூடாக இருப்பதுபோல் தோன்றியது.

நீர்மாலைக்குப் போனவர்கள் குடத்தோடு திரும்பினார்கள். பிணத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துக் குளிப்பாட்டி, கோடி போர்த்தி, பந்தலில் பெஞ்சு மேல் கிடத்தினார்கள். மேளம் உச்சத்துக்குப் போய் நின்றது. வாய்க்கரிசித் தட்டு முதலில் தங்கச்சியிடம் வந்தது. நிர்மலா ஒரு பிடி எடுத்து மூடிக்கொண்டாள். இந்தப் பிடி போட்டால் முடிந்தது. கோபம் வராத நாட்களில் அவளுக்கென்று பேப்பரில் சுற்றிப் போண்டா வாங்கி வந்தவன் இவன்தான். அந்த வாய்க்குத்தான் இப்போது அரிசி. கண் நிறைந்து, பெஞ்சு இரண்டாகத் தெரிந்தது.

“கொஞ்சம் இருங்க” என்றார் காளியப்பன். “மொதல்ல தாலி.”

தீர்த்தம்மாள் தட்டோடு வந்தாள். மஞ்சள் கயிறு, அதில் மஞ்சள் துண்டு, குங்குமம், ஒரு டஜன் கண்ணாடி வளையல். எல்லாமே பத்து நிமிஷம் மட்டும் உபயோகிக்க வாங்கிய புதுச் சாமான்கள். மணிமேகலை தட்டைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

“நான் பாக்க வந்தேங்க மாமா” என்றாள். “பாத்துட்டேன். கெளம்பறேன்.”

“எங்க, பண்டு வூட்டுக்கா?” என்றான் ராஜப்பன். சிலர் சிரித்தார்கள்.

காளியப்பன் சிரிக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. ஒரு காரியம் குறையாக நிற்பதை அவரால் தாங்க முடியாது, அவ்வளவுதான். “இத பாரும்மா. நீ போனது போனதுதான், அத நாங்க பேசல. கழுத்து சும்மா இருந்தா எம் பையன் கட்டாமயே போன மாதிரி ஆயிரும். ஒரு நிமிசம் உக்காரு. கட்டி, அறுத்து, நீ போயிக்கலாம். இது முடியாம பொணம் எந்திரிக்காது.”

இரண்டு பெண்கள் மணிமேகலையின் தோளைப் பிடித்து பெஞ்சின் தலைமாட்டில் உட்காரவைத்தார்கள். பிடித்த கைகளில் பலம் இல்லை. பிடிக்கச் சொன்ன குரல்களில் இருந்தது. அவள் திமிறவில்லை. எதிரில் பிளெக்ஸ் காற்றில் ஆடியது. அருவிக்குள்ளிருந்து நீண்ட தன் கையையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாதவராஜின் நிலைமைதான் பரிதாபம். பயனாளிக்குத் தாலி கட்டிவிட்டால் மூன்று வருஷத்து அறிக்கை அத்தனையும் கவிழ்ந்துவிடும். தடுத்தால் ஊர் கவிழ்த்துவிடும். போனை எடுத்தார், மறுபடி பையில் போட்டார். பிரியதர்ஷினி எழுந்து நின்றார். “சார், அவங்களுக்கு இஷ்டமில்லைன்னா…” என்று ஆரம்பித்தார்.

“மேடம், நீங்க உக்காருங்க. இது எங்க வூட்டு வெசயம்.”

ஏரியூரில் எல்லாவற்றையும் முடித்துவைக்கிற வாக்கியம் அது. விறகுக் கட்டைச் சத்தம் கேட்டு யாராவது கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து வருகிற வாக்கியமும் அதுதான். பிரியதர்ஷினி உட்காரவில்லை.

“எங்க நிர்மலா? வந்து முடிச்சப் போடு.”

தட்டு அவள் முன்னால் வந்தது. ஒரு கை அரிசியை மூடியிருந்தது. இன்னொரு கையைத் தூக்கினால் தோளில் சுருக்கென்றது. அண்ணியின் குனிந்த பின்கழுத்து, கொண்டைக்குக் கீழே, வெறுமையாக, அவளுக்கு நேராக இருந்தது. வேர்வை ஒரு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

முடியாது என்று சொன்னால், ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்பதற்குச் சொல்ல அவளிடம் இருபது வருஷத்துக் காரணம் இருந்தது. அதில் ஒன்றுகூட அந்தப் பந்தலில் செல்லாது. செல்லுகிற காரணம் ஒன்றே ஒன்றுதான். அதைச் சொல்லத்தான் இத்தனை ஆண்கள் நடுவில் வாய் வர வேண்டும்.

“நான் கட்டக்கூடாதுங்க பெரியப்பா.”

“ஏன்?”

“நான் தூரமுங்க. காலையில இருந்து.”

மாசத்தில் அந்த மூன்று நாளில் இருக்கிறவள் மஞ்சள் கயிற்றைத் தொடக்கூடாது. அது காளியப்பனே போற்றுகிற சட்டம். பந்தலில் இருந்த ஆண்கள் அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் வேறு எதையாவது பார்க்க வேண்டிய அவசியம் வந்தது. ஒருவர் செருப்பைப் பார்த்தார். ஒருவர் வானத்தைப் பார்த்து, மழை வருமா என்று யோசித்தார். காளியப்பன் பிளெக்ஸைப் பார்க்கப்போய், அங்கே அந்தக் கை இருந்ததால், புறாக்களுக்கு மாறினார்.

பெண்கள் யாரும் எதையும் பார்க்கவில்லை. நிர்மலாவைத்தான் பார்த்தார்கள்.

அவளுக்கு இரண்டு வருஷத்துக்கு முன் தருமபுரியில் எடுத்தது கர்ப்பப்பை. தூரமாவது என்பது அவளுக்கு அன்றோடு முடிந்த காரியம். அந்தப் பந்தலில் இருந்த ஒவ்வொரு பெண்ணும் பிரெட் பாக்கெட்டோடு வந்து, கட்டிலில் உட்கார்ந்து, எங்கெங்கே தையல் என்று கேட்டுவிட்டுப் போனவள்தான். தோளைப் பிடித்திருந்த இரண்டு பெண்களும், யாரும் சொல்லாமலே, கையை எடுத்துக்கொண்டார்கள்.

தீர்த்தம்மாள் தட்டைக் கீழே இறக்கினாள். “ஆமாம்ப்பா” என்றாள் தன் அப்பனிடம், முகத்தில் ஒரு சுருக்கமும் மாறாமல். “காலையிலேயே எங்கிட்டச் சொன்னா. சாவு வூடுதானே, பரவால்லன்னு நாந்தான் சொன்னேன்.”

“அப்ப நீ கட்டேன்.”

“தாலியறுத்தவ கட்டலாமாப்பா?”

பச்சியப்பனுக்கு வேறு தங்கச்சியும் இல்லை. மேளக்காரர் மணி என்ன ஆச்சு என்று கேட்டார். காளியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு குறையோடு உலகத்தை விட்டுக்கொடுப்பவரைப் போல, சரி ஆவட்டும் என்றார்.

உண்மை தெரிந்த ஆண் ஒருவன் இருந்தான். ராஜப்பனின் வாய் திறந்தது. ஆனால் பொண்டாட்டிக்கு எடுத்தது குடல்வால் என்றுதான் அவன் கூட்டாளிகளிடம் சொல்லிவைத்திருந்தான். இப்போது உண்மையைச் சொல்ல வேண்டுமானால், இத்தனை நாள் சொன்ன பொய்யையும், இத்தனை பேர் முன்னால் சொல்லக்கூசுகிற சொல்லையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாய் மூடியது. கண் மட்டும் நிர்மலாவின் மேலேயே நின்றது.

“அப்ப நீ பொணத்துக்கிட்ட நிக்காத” என்றாள் தீர்த்தம்மாள். குரல் கறாராக இருந்தது. பொய் நிற்க வேண்டுமானால் அப்படித்தான் இருக்க வேண்டும். “அரிசியும் போடக்கூடாது. அந்தாண்ட போ.”

நிர்மலா இதை யோசித்திருக்கவில்லை. மூடிய கையோடு மாட்டுக்கொட்டகைப் பக்கம் நகர்ந்து நின்றாள். அங்கிருந்து அண்ணனின் கால்கள் மட்டும் தெரிந்தன. ஒவ்வொருவராகப் போய் அவன் வாயில் அரிசி போட்டார்கள். பங்காளிகள் போட்டார்கள், தெருக்காரர்கள் போட்டார்கள், அவனிடம் அடி வாங்கியவர்களும் அடித்தவர்களும் போட்டார்கள். யாரும் வற்புறுத்தாமல் மணிமேகலையும் ஒரு பிடி எடுத்துப் போட்டாள். போட்டுவிட்டு, கோடித்துணியின் ஓரம் மடங்கியிருந்ததை இழுத்துச் சரிசெய்தாள்.

பாடையைத் தூக்கினார்கள். மச்சான் முறைக்கு முன்பக்கம் ராஜப்பன்தான் தோள் கொடுக்க வேண்டும். கொட்டகையைத் தாண்டும்போது, மேளச் சத்தத்துக்குள் அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்.

“வூட்டுக்கு வாடி. பேசிக்கலாம்.”

அவன் தோளில் அவள் அண்ணன் இருந்தான்.

ஆண்கள் போன பிறகு தெரு பெரிதாகிவிட்டது. பொரியும் பூவும் இறைந்து கிடந்தன. பெண்கள் வீட்டைக் கழுவிவிடத் தொடங்கினார்கள். வாசலில் தண்ணீர் ஓடியது. பிரியதர்ஷினி காரின் முன்சீட்டில் ஏறி, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஏதோ கேட்க வந்த மாதவராஜை, வேண்டாம், இருங்கள் என்று கையமர்த்தினார்.

மணிமேகலை மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு நிர்மலாவிடம் வந்தாள். சாப்பிட்டிருக்கமாட்டே என்றாள். பண்டு வீட்டில் இன்று மத்தியானம் விருந்தாளிக்கென்று செய்த சாம்பார் அப்படியே இருக்கும், யாரும் தொட்டிருக்கமாட்டார்கள் என்றாள். காரின் பின்கதவைத் திறந்து ஏறி, அந்தக் கடைசி வரை நகர்ந்து போய், பையை மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் ஒருவர் உட்காருகிற அளவுக்குச் சீட்டு காலியாக இருந்தது. கதவை அவள் சாத்தவில்லை.

தீர்த்தம்மாள் விளக்குமாறும் கையுமாக வாசலில் நின்றாள். நிர்மலாவின் இடது தோளைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், சுடுகாட்டுப் பக்கம் தேய்ந்துகொண்டிருந்த மேளத்தைக் கேட்டாள்.

“போறதுன்னா பாத்துப் போ” என்றாள். “இங்க வழுக்குது.”

பிறகு குனிந்து பெருக்க ஆரம்பித்தாள். மற்ற பெண்களும் அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

நிர்மலா தெருவில் இறங்கினாள். பாடை போன வழியில், பொரி கிடந்த இடத்தில் உட்கார்ந்து, இவ்வளவு நேரம் மூடியிருந்த கையைத் திறந்தாள். வேர்வையில் அரிசி கட்டியாக ஒட்டியிருந்தது. அதை மெதுவாகப் பொரியின் மேல் விட்டாள். எங்கிருந்தோ ஒரு கோழி வந்து, அவளைச் சாய்வாகப் பார்த்துவிட்டு, கொத்தத் தொடங்கியது. உள்ளங்கையில் சில மணிகள் உதிராமல் நின்றன. அவள் உதறவில்லை.

டிரைவர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, இன்ஜினை நிறுத்தினான். காரின் கதவு திறந்தே இருந்தது.